முள்ளந்தண்டுக்கு ஆணியும் கம்பியும்: தியேட்டர் வாசலில் என்னிடம் கேட்ட கேள்விகள்

பதினான்கு வருடம் விற்பனையாளனாகக் கொழும்பு வைத்தியசாலைகளுக்கு முள்ளந்தண்டு ஆணிப் பெட்டி தூக்கினேன். முதல் நாள் பெட்டியைக் கிருமி நீக்கக் கொடுப்பது, மறுநாள் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் ஒரு மூலையில் நின்று டொக்டர் கேட்கும் அளவு எந்தத் தட்டில் இருக்கிறது என்று தாதிக்குக் காட்டுவது, முடிந்ததும் எத்தனை ஆணி போனது என்று எண்ணி எழுதுவது. இதுதான் வேலை. நான் டொக்டர் இல்லை. ஆனால் வெளியே வாசலில் காத்திருக்கும் வீட்டாருக்குத் தமிழில் நின்று கதைக்கக்கூடிய ஆள் பல நாட்களில் நான் ஒருவன்தான். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஹட்டனிலிருந்து வந்த அக்கா, மருதானையில் இருந்து வந்த வாப்பாவும் மகனும் என்று எல்லாரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்த வேலையில் இல்லை, விற்பதற்கும் என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் வைத்திய நிபுணர்தான்.

தம்பி, இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு? அம்மாவின்ர முதுகில என்னத்தை வைக்கப் போயினம்?

பெரும்பாலும் திருகாணியும் கம்பியும். இடுப்புப் பகுதிக்கான ஆணி ஒன்று ஏறக்குறைய உங்கள் சுண்டுவிரல் நீளம் இருக்கும்: 40 முதல் 50 மில்லிமீற்றர் நீளம், ஆறு, ஆறரை மில்லிமீற்றர் தடிப்பு. தலை மட்டும் வித்தியாசமானது. மரத்துக்கு அடிக்கும் ஆணி போலத் தட்டையாக இல்லாமல், இரண்டு காது வைத்த கிண்ணம் போல இருக்கும், அசையவும் செய்யும். அந்தக் கிண்ணத்துக்குள் கம்பியைப் படுக்க வைத்து, மேலே ஒரு குட்டித் திருகால் இறுக்குவார்கள். இறுக்கும் கருவி குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் நான்கு முறை கேட்டால், இரண்டு எலும்பைப் பிணைக்கும் சாதாரணக் கேஸ் முடியப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

சில பேருக்கு இரண்டு எலும்புக்கு நடுவில் நைந்துபோன இடைத்தட்டை (டிஸ்க்) எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘கேஜ்’ என்ற சின்னக் கூட்டையும் வைப்பார்கள். அதற்குள் எலும்புத் துகள் அடைத்திருக்கும். எல்லாம் சேர்ந்தும் சில பத்துக் கிராம்தான். ‘முதுகு பாரமாக இருக்குமா’ என்று கேட்பவர்களின் கையில் மாதிரி ஆணி ஒன்றைக் கொடுப்பேன், சிரித்துவிடுவார்கள்.

முதுகு எலும்பு உடையவேயில்லையே, பிறகு எதுக்கு ஆணி?

உடைந்தால்தான் ஆணி என்றில்லை. ஓர் எலும்பு அடுத்த எலும்பின் மேல் முன்பக்கமாக வழுகி நரம்பை நெரிக்கலாம். காசநோய் எலும்பை அரித்திருக்கலாம். பிள்ளையின் முதுகு பக்கவாட்டில் வளைந்து கொண்டே போகலாம். கட்டி ஒன்றை அகற்றிய இடம் வெறுமையாக இருக்கலாம். அல்லது நரம்புக்கு இடம் கொடுக்க எலும்பை வெட்டி எடுத்ததாலேயே அந்த இடம் ஆட்டம் காணலாம். இதில் உடைவு என்றால் தென்னை, பனை, கித்துள் மரத்திலிருந்து விழுந்தவர்களை அதிகம் பார்த்தேன். நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடம்தான் அநேகமாக நொறுங்கும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெறும் முதுகு நோவுக்கு ஆணி மருந்து இல்லை. காலில் பெலக்குறைவு இல்லை, எலும்பு விலகலும் இல்லை, நோ மட்டும்தான் என்றால், ‘ஆணி வைக்காமல் இருந்தால் என்ன நடக்கும்?’ என்று டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல டொக்டருக்கு அந்தக் கேள்வியால் கோபம் வராது. இரண்டாவது வைத்தியரிடம் காட்டுவதும் துரோகம் இல்லை.

அப்ப இனி வாழ்நாள் முழுக்க இந்தக் கம்பிதான் அவரைத் தாங்குமோ?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வீட்டுக்குச் சிலாப் போடும்போது கீழே முட்டுக் கொடுக்கிறோம் அல்லவா? கொங்கிறீட் இறுகும்வரைதான் முட்டு சுமக்கும். இறுகிய பிறகு சிலாப் தானே நிற்கும். ஆணியும் கம்பியும் அந்த முட்டு. கொங்கிறீட்டின் இடத்தில் இருப்பது எலும்பு. வெட்டி எடுத்த துண்டுகளையோ, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகளையோ இரண்டு முள்ளெலும்புகளுக்கிடையே வைப்பார்கள். அது மூன்று முதல் ஆறு மாதத்தில் பிடிக்கத் தொடங்கி, முழுதாக இறுக ஒரு வருடம்கூட எடுக்கும். அதற்குள் எலும்பு கூடவில்லை என்றால் பாரம் முழுக்கக் கம்பியின் தலையில். மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் முறிகிறதே, அதுதான் இங்கேயும் நடக்கும், டைட்டேனியமாக இருந்தாலும் சரி.

1911இலேயே அமெரிக்காவில் ஹிப்ஸ், அல்பி என்ற இரு வைத்தியர்கள் உலோகமே இல்லாமல் முள்ளெலும்புகளை ஒட்டவைத்தார்கள். நோயாளி மாதக்கணக்கில் கட்டிலோடு கிடக்க வேண்டியிருந்தது. பிறகு ஹரிங்டனின் கொக்கிக் கம்பி 1962இல் வெளியுலகுக்கு வந்தது. இன்று நாம் பார்க்கும் மாதிரி எலும்பின் பின் தண்டு வழியாக ஆணி செலுத்தும் முறையை பிரான்சில் ரோய்-கமீல் 1963இல் தொடங்கினார். இத்தனை கருவி வந்ததும் நோயாளியைச் சீக்கிரம் எழுப்பத்தான். எலும்பு செய்யும் வேலையை எதனாலும் பறிக்க முடியவில்லை.

உள்ளுக்க துருப் பிடிக்காதா? உப்பு, புளி குறைக்க வேணுமா?

துருப் பிடிப்பது இரும்பு. இது பெரும்பாலும் டைட்டேனியக் கலவை: நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு டைட்டேனியம், ஆறு அலுமினியம், நான்கு வனேடியம். காற்றுப் பட்டவுடனேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் மூடிக்கொள்ளும். உடம்பின் உப்புநீர் அதை இலேசில் தாண்டாது. அதோடு எலும்பு டைட்டேனியத்தை அந்நியமாக நினைத்து ஒதுக்காமல் ஒட்டி வளரும். சுவீடனில் பிரானெமார்க் 1950களில் முயல் எலும்பில் கண்டுபிடித்த சங்கதி இது. பல் ஆணியும் அதில் பிறந்ததுதான். உப்பைப் பிரஷருக்காகக் குறையுங்கள், ஆணிக்காக வேண்டாம்.

இந்தியன் ஆணியா, ஜேர்மன் ஆணியா? காசு கூடினது வைச்சா கெதியா சுகம் வருமோ?

நான் விற்ற காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தேன், அது இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நேர்மையான பதில் இதுதான்: தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவு பெற்ற, உங்கள் டொக்டர் கை பழகிய செட் எதுவோ அதுதான் நல்லது. கை பழக்கம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு கம்பனியின் திருகுக் கருவியும் வேறு. புதுச் செட்டோடு டொக்டர் தடுமாறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

விலையில் உள்ள வித்தியாசத்தை விட, அடுத்த ஆறு மாதம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில் வித்தியாசம் கூட. எந்த நாட்டு ஆணி என்றாலும் ஒன்றை மறக்காதீர்கள். ஒவ்வோர் ஆணிப் பொதியுடனும் அளவும் தொகுதி இலக்கமும் போட்ட ஸ்டிக்கர் வரும், அல்லது தியேட்டரில் எழுதிக் கொடுப்பார்கள். அதை டயக்னோஸிஸ் கார்ட்டில் (வீட்டுக்குப் போகும்போது தரும் நோய் விவர அட்டை) ஒட்டித் தரக் கேளுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு டொக்டர் ஆணியைக் கழற்ற வேண்டி வந்தால், எந்தக் கருவி பொருந்தும் என்று அவருக்குச் சொல்வது அந்தத் துண்டுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில எல்லாம் இலவசம்னாங்க. இப்ப ஆணிய வெளியில வாங்கச் சொல்றாங்களே, அண்ணே?

கட்டில், டொக்டர், தியேட்டர் எல்லாம் இலவசம்தான். ஆணி இறக்குமதிப் பொருள். கையிருப்பில் உங்கள் அளவு இல்லாத நேரம் காத்திருங்கள் என்பார்கள், அல்லது எழுதிக் கொடுப்பார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, முதல் மாதம் கேட்ட விலைக்கு அடுத்த மாதம் பாதிச் செட்தான் வந்தது. வாசலில் தாலிக்கொடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஓர் அக்காவை இன்னும் மறக்கவில்லை.

எழுதிக் கொடுத்தால் மூன்று விஷயம் செய்யுங்கள். அவசரமா, காத்திருக்கலாமா என்று கேளுங்கள். காத்திருக்கலாம் என்றால் வார்ட் சிஸ்டரிடம் கையிருப்பு எப்போது வரும் என்று விசாரியுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், அதுவும் ஒப்பரேஷனுக்கு முன்னர். பற்றுச்சீட்டு இல்லாமல் யார் கையிலும் காசு கொடுக்காதீர்கள், என்னைப் போல பெட்டி தூக்கி வருபவன் கேட்டாலும்.

ஆணி நரம்பில குத்திட்டா கால் போயிடுமா?

பயம் நியாயமானது. முள்ளெலும்பின் உடலையும் பின்பகுதியையும் இணைக்கும் ஓர் ஒடுங்கிய எலும்புத் தண்டு உண்டு. ஆணி அதற்குள்ளால்தான் போக வேண்டும். ஒரு பக்கச் சுவர் தாண்டினால் நரம்பு. அதனால் எடுத்தவுடன் ஆணியை முறுக்குவதில்லை. முதலில் மொட்டை முனை ஊசி ஒன்றால் வழி பிடிப்பார்கள். பிறகு இன்னொரு மெல்லிய கருவியால் துளையின் நான்கு சுவரையும் அடியையும் தடவிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தியேட்டரில் யாரும் கதைப்பதில்லை. பிறகுதான் ஆணி, அதன் பின் எக்ஸ்ரே. நாங்கள் எல்லாரும் ஈய அங்கியோடு பின்வாங்கி நிற்போம்.

இவ்வளவு செய்தும் ஆணி இடம் மாறுவது உண்டு. அப்படி நடந்தால் காலில் புதிதாக ஒரு நோவோ விறைப்போ தெரியும், மறுபடி உள்ளே போய் ஆணியை மாற்ற வேண்டி வரலாம். ஆறுதலான ஒன்று: பெரியவர்களில் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் தடித்த நரம்புத் தண்டு, இடுப்புப் பகுதியின் முதலாம் இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள். ஆகவே கீழ் இடுப்பில் ஆணி வைப்பதற்கும் கழுத்தில், நெஞ்சில் வைப்பதற்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல.

எப்ப எழும்பலாம்? எழும்பேக்க ஆணி கழராதோ?

பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள். ஆணி கழராது, ஆனால் எழும்பும் முறை முக்கியம். மல்லாந்து கிடந்தபடி வயிற்றை மடித்து ‘எக்கி’ எழும்புவது கூடாது. முழங்காலை மடியுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்பட்டும், மரக்கட்டை உருளுவது போல. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், அதே நேரம் முழங்கையால் மெத்தையை அழுத்துங்கள். கால் இறங்க இறங்க உடம்பு தானாக மேலே வரும். வீட்டில் ஒரு தடவை ஒப்பரேஷனுக்கு முன்பே செய்து பழகிய நோயாளிகள் மறுநாள் அழுவதில்லை.

பெல்ட் போடச் சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் நீங்களாகப் போய் வாங்க வேண்டாம்.

கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாம் கிரந்தியாம். புண் பழுத்திடும் எண்டு மாமி சொல்லுறா.

மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள், ஆனால் நோயாளியைப் பட்டினி போடவும் விடாதீர்கள். ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தால் தவிர, இறாலால் புண் பழுக்காது. கஞ்சியும் பத்தியக் கறியுமாக மூன்று கிழமை கிடந்தவர்களுக்குத்தான் புண் ஆறப் பிந்தியது. முட்டை, மீன், பருப்பு, பால், கீரை எல்லாம் வேண்டும். எலும்பு கட்டுவதற்கும் சாமான் தேவை.

உண்மையில் புண்ணைப் பழுக்க வைப்பது இரத்தத்தில் கூடிய சீனி. சீனி வருத்தம் உள்ளவர் அளவைக் கட்டுப்பாட்டில் வைக்காமல் தியேட்டருக்கு வரக்கூடாது.

ஒண்டே ஒண்டு பத்தினால் என்ன, தம்பி?

ஒன்றும் வேண்டாம். புகை எலும்புக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். புகைப்பவர்களிடம் எலும்பு கூடாமல் போவது அதிகம். மேலே சொன்ன முட்டுக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நோ மாத்திரையையும் பாமசியில் நீங்களாக வாங்காதீர்கள். டைக்ளோபெனாக் வகை மாத்திரைகள் எலும்பு கூடுவதைப் பிந்தச் செய்யலாம் என்பதால், முதல் மாதங்களில் அவற்றைத் தவிர்க்கும் டொக்டர்கள் உண்டு.

வாப்பாக்கு இனி சுஜூது செய்ய ஏலுமா? / கோயில்ல விழுந்து கும்பிடலாமா?

எலும்பு இறுகும்வரை கதிரையில் இருந்து தொழட்டும், நின்றபடி கும்பிடட்டும். அதற்குப் பிறகு அநேகமானவர்களுக்கு ஏலும். நாம் குனியும்போது பெரும்பங்கு வளைவது இடுப்பு மூட்டில்தான். ஒரு மட்டம், அதாவது இரண்டு எலும்பு மட்டும் பிணைத்தவர் தனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பார். ஐந்தாறு மட்டம் பிணைத்தவர் சப்பாத்து மாட்டக் கஷ்டப்படுவார், அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஆடிவேலுக்குக் காவடி தூக்குவது, அங்கப்பிரதட்சணம் செய்வது வேறு விஷயம். முள்ளந்தண்டை முறுக்கும் எதையும் டொக்டர் சொல்லும் வரை நேர்த்தி வைக்காதீர்கள்.

இதே கேள்வியைச் சுற்றிவளைத்து ஒரு தம்பி காதுக்குள் கேட்டார், புதிதாகக் கலியாணம் செய்தவர். அதுவும் ஏலும். சில கிழமை போகட்டும், முதுகு மெத்தையில் இருக்கட்டும், நோ வந்தால் நிறுத்துங்கள். கிளினிக்கில் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணம் எப்ப போகலாம்? பஸ்ஸா, ரெயினா?

தையல் பார்க்கும் நாள் முடியட்டும். பிறகும் இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் ஒரே இருக்கையாக வேண்டாம். ரெயின் என்றால் எழும்பி நடக்கலாம். கொழும்புக்குள் ஓட்டோவில் போவதென்றால், வேகத்தடையில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள்.

இடி மின்னல் நேரம் வெளியில் போனால் ஆணி இழுக்குமா?

இழுக்காது. மின்னல் உயரமானதைத்தான் தேடும், உங்கள் முதுகுக்குள் உள்ளதை அல்ல. ஆனால் ஆணி இல்லாதவரும் மின்னலுக்கு வெட்டவெளியில் நிற்கக்கூடாது.

உம்ராவுக்குப் போற நேரம் எயார்போர்ட்ல கத்துமா?

கத்தலாம், கத்தாமலும் போகலாம். டைட்டேனியத்துக்கு வாசல் கருவி பல நேரம் பேசாமல் இருக்கும். கார்ட்டைக் கையில் வைத்திருங்கள், கட்டுநாயக்கவில் கேட்டால் காட்டுங்கள், கையால் தடவிப் பார்த்து விடுவார்கள்.

ஆணி வச்சவங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க ஏலாதாமே? காந்தம் பிடுங்கிடுமாம்.

டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது. பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் எடுப்பவரிடம் முதலே சொல்லி ஸ்டிக்கர் படத்தைக் காட்ட வேண்டும். மேலே அதை வைத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். சிக்கல் வேறு இடத்தில்: உலோகத்தைச் சுற்றிப் படம் கலங்கிக் கறுப்பாகும். அதனால் ஆணிக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டியதை சீ.டி. ஸ்கேனில் பார்ப்பார்கள்.

ஒரு வருஷத்தால கழட்ட வேணுமோ?

எலும்பைக் கூட்டுவதற்கு வைத்தது என்றால், தொந்தரவு இல்லாதவரை அப்படியே கிடக்கலாம். மரத்திலிருந்து விழுந்து உடைந்த எலும்பை, எலும்புத்துகள் வைக்காமல் தாங்க மட்டும் வைத்தது என்றால், உடைவு பொருந்திய பிறகு கழற்றுவது உண்டு. இரண்டில் உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிருமி பிடித்தால், ஆணித்தலை தோலில் உறுத்தினால், கழன்றால் என்பவை வேறு காரணங்கள்.

எக்ஸ்ரேயில ஆணி கழண்டிருக்காம். டொக்டர் பிழை விட்டாரா, கள்ள ஆணி வைச்சாங்களா?

இதுதான் சூடாகக் கேட்கப்படும் கேள்வி. படத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் ஒன்று தெரியும், சேற்றில் நட்ட கம்பைப் போல ஆணி ஆடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: எலும்பு கூடவில்லை, கிருமி பிடித்திருக்கிறது, அல்லது எலும்பே மெலிந்தது. வயதான பெண்களில் மூன்றாவது அதிகம். அடர்த்தி குறைந்த எலும்பில் ஆணி, மக்கிய பலகையில் திருகு. அதனால்தான் சிலருக்கு ஆணியைச் சுற்றி எலும்புச் சீமெந்து விடுவார்கள், எலும்பு அடர்த்தியை முதலே பார்ப்பார்கள்.

பிழையே நடக்காது என்று சொல்லமாட்டேன். ஒரு முறை நான் கொண்டுபோன பெட்டியிலேயே தேவைப்பட்ட அளவு இல்லாமல், நோயாளியை மேசையில் வைத்துக்கொண்டு இன்னொரு பெட்டி வரும்வரை காத்திருந்தோம். பழி என்னுடையதுதான், எண்ணிப் பார்க்காமல் மூடியிருந்தேன். ஆனால் கழன்ற ஆணி எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு குற்றவாளி இருப்பதில்லை. ஆணி ஆடியும் நோவே இல்லாத ஆட்களும் உண்டு, அவர்களைச் சும்மா கண்காணிப்பதோடு விடுவார்கள்.

ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சதெண்டாங்கள், பிறகேன் கால் இன்னும் விறைக்குது?

நெரிபட்ட நரம்பு மெதுவாகத்தான் மீளும். நோ முதலில் போகும், விறைப்பு கடைசியில், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். வருடங்கள் கழித்துப் புது நோ வந்தால், பிணைத்த இடத்துக்கு மேலோ கீழோ உள்ள மூட்டு கூடுதலாக உழைத்துத் தேய்ந்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை வேறு: சலம் (சிறுநீர்) போகாமல் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, இருக்கும் இடமும் மறைவிடமும் விறைப்பது, கால் திடீரென்று பெலன் இழப்பது. இவற்றுக்குக் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம், 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காய்ச்சல், தையலில் சீழ் என்றால் அன்றைக்கே வார்டுக்குப் போங்கள்.

அப்பா மோசம் போயிட்டார். எரிக்க முந்திக் கழட்டவேணுமா?

இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரைக் கழற்றத்தான் வேண்டும், அது சூட்டில் வெடிக்கும். முள்ளந்தண்டு ஆணியைத் தேவையில்லை. டைட்டேனியம் உருக 1,668 பாகை வேண்டும், தகனச் சூளை அவ்வளவு போகாது. ஆணி சாம்பலோடு அப்படியே வரும்.

கேட்ட மகன் பொரளை கனத்தையில் சாம்பல் அள்ளிவிட்டு வந்து, கைக்குட்டையை விரித்துக் காட்டினார். நான்கு ஆணி, இரண்டு கம்பி, நிறம் மட்டும் நீலமும் பழுப்புமாக மாறியிருந்தது. தலையைப் பார்த்ததும் தெரிந்தது, ஆறரைக்கு நாற்பத்தைந்து, எங்கள் பெட்டிதான். ‘இதை என்ன செய்வது?’ என்றார். எனக்கும் தெரியவில்லை. முகத்துவாரத்தில் சாம்பலோடு சேர்த்து விட்டுவிட்டு வந்ததாகப் பிறகு போனில் சொன்னார்.